எண்ணெய்க் கவசம்

மக்காச்சோளத்தில் புழு விழுந்திருந்தது. மருந்தடிக்கிற அண்ணனுக்குத் தண்ணீர் சுமக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குப் போனேன். புழுவைக் கொல்லும் மருந்து என்னையும் கொல்லும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அதனால் மகளின் மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், இரண்டு கையிலும் பாலித்தீன் பை. ஐம்பதை நெருங்கும் மனுஷன், கரிசல் வெயிலில் இட்லிபோல வெந்துகொண்டு நின்றேன்.

"ஏலே, மருந்தடிக்க வந்தியா, நெலாவுக்குப் போறியா?" என்றார் அண்ணன்.

அவர் உடம்பில் மடித்துக் கட்டிய கைலியும் ஒரு துண்டும்தான். கோட்டைக் கழற்றி நீட்டினேன்.

"அதப் போட்டா வேர்த்தே செத்துருவேன். நீயே வச்சுக்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மருந்தடிக்கப் போகுமுன் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டால் மருந்து உடம்பில் ஒட்டாமல் வழுக்கிப் போய்விடும் என்பார்கள். மோட்டார் ரூமில் இருந்த பாட்டிலை எடுத்து, அண்ணன் முதுகு, கை, கழுத்து என்று ஒரு இடம் விடாமல் தேய்த்தேன். அவராக இருந்தால் லேசாகத் தடவியிருப்பார். நான் பயந்தவன், பாட்டிலையே காலி பண்ணினேன்.

மத்தியானம் காற்று திரும்பி மருந்து அவர் மேலேயே அடித்தது. கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஒழுக, கை உதற, வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் பைக் ஓட்ட, அண்ணனை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுபடி மாட்டிய மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக நின்ற என் கோலத்தைப் பார்த்த நர்ஸ் என்னைத்தான் முதலில் படுக்கச் சொன்னார். சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்கு அழுகை வந்தது.

"ஒடம்பெல்லாம் என்ன பிசுபிசுன்னு?" என்றார் டாக்டர்.

"எண்ணெய் சார். பாதுகாப்புக்கு."

"மருந்தப் பிடிச்சுவச்சு தோலுக்குள்ள எறக்குறதே அந்த எண்ணெதான்யா."

சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவினார்கள். நான் தேய்த்த எண்ணெய் லேசில் போவதாக இல்லை.

நான்காம் நாள் அண்ணன் கண் திறந்து பேசினார். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. மதினி சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"நீங்க எண்ணெ தேச்சுவிடப் போய்த்தான் தம்பி இவிய பொழச்சாவ."

"ஆமா மதினி" என்றேன். கூசாமல் சொன்னேன்.

"அடுத்த மருந்துக்கு இன்னும் ரெண்டு கை கூடத் தேய்க்கணும்ல" என்றார் அண்ணன்.

அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். பாட்டில் காலியானதையும் சொன்னேன். அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்டல்கூட வரவில்லை. ஏச்சாவது வந்திருக்கலாம்.

மதினி அடுத்த உருண்டையை உருட்டி அவர் வாயில் வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. இன்றுவரை திரும்பவில்லை.