மணிமொழி மூடிய ஜன்னல்கள்

மணிமொழி காலையில் மூன்று முறை வீடு கூட்டுகிறாள் என்று சொன்னால் பதினாறாம் பிளாக்கில் யாரும் வியக்க மாட்டார்கள். நான்காவது முறையும் கூட்டுவதைப் பார்த்தவர்கள் உண்டு.

காரணம் அவளுடைய ஒரே மகள் இசைப்பிரியா. ஒன்பது வயது. மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை அந்தப் பெண்ணுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வருவதை மணிமொழி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மருத்துவர் உறிஞ்சும் மருந்து எழுதிக் கொடுத்தார். பொறுமையாகவும் பேசினார். வீட்டுத் தூசியைக் குறையுங்கள், படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள், ஈரம் தங்கவிடாதீர்கள், அறைக்குள் காற்று வரட்டும் என்றார். மணிமொழி தூசி என்ற சொல்லோடு எழுந்து வந்துவிட்டாள். மற்றவை காதில் விழுந்தன, அவ்வளவுதான்.

இதில் அவளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இருமினாலும் மைன்ஸ், கண் உறுத்தினாலும் மைன்ஸ், வெள்ளைச் சட்டை மங்கினாலும் மைன்ஸ் என்று பேசிப் பழகிய நிலக்கரிச் சுரங்க ஊர் அது. கேள்வி பிறப்பதற்கு முன்பே விடை தயாராக இருந்தால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அவள் கணவன் ஜெயப்பிரகாஷ் வேலை பார்ப்பதும் சுரங்கத்தில்தான், கன்வேயர் பிரிவில். முதல் காரியமாக, ஷிப்ட் முடிந்து வரும் அவன் யூனிபார்மை வாசலிலேயே கழற்றி வாளியில் போட வைத்தாள். அது சரி. அவள் செய்தவற்றில் சரியானது அநேகமாக அது ஒன்றுதான்.

பிறகு ஜன்னல்களை மூடினாள். இடுக்குகளில் பழைய புடவையைக் கிழித்துத் திணித்தாள். வெளியே காயப்போட்டால் துணியில் கரி படிகிறது என்று கொடியைப் படுக்கை அறைக்குள் கட்டினாள். தரையைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பேச்சியம்மாள் திருநெல்வேலிக்காரி. வாசலில் வழிந்து வரும் தண்ணீரைத் தாண்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏட்டி, வீட்டையா கழுவுத? பாவத்தக் கழுவுத மாதிரில்லா இருக்கு!"

"எம் பொண்ணு ஒழுங்கா மூச்சு வுட்டா போதும்க்கா. பாவம் இருந்துட்டுப் போவுது."

ஆனால் இழுப்பு குறையவில்லை. ஆனியில் இரண்டு முறை, ஆவணியில் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் எங்கோ இடைவெளி விட்டுவிட்டோம் என்று நினைத்து அவள் இன்னும் இறுக்கமாகத் துணியைத் திணித்தாள். தவறான வழியில் வேகமாக நடப்பதற்கும் விடாமுயற்சி என்றுதான் பெயர்.

புரட்டாசியில் ஜெயப்பிரகாஷ் ஒரு யோசனை சொன்னான். நெல்லிக்குப்பத்தில் அவன் தங்கை சரிதா இருக்கிறாள். பெண் அங்கே தங்கிப் படிக்கட்டும்.

"அங்க கரி கெடையாது, மணி."

"கரும்பாலைப் பொகை மட்டும் சந்தனமா?"

"கொழந்த படற பாடு எனக்குத் தெரியலையா? இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா அனுப்பிடறோம். அவ்ளோதான்."

மகளை விட்டு ஒரு நாளும் இருந்திராதவள் அதற்கு ஒப்புக்கொண்டாள். துடைப்பத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த இன்னொரு முறை மூன்றே வாரத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சரிதா அழைத்துப்போக வந்தாள். உள்ளே நுழைந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏன் அண்ணி வூட்ட இப்படி மூடி வெச்சிக்கினு இருக்கீங்க?"

"தூசி வரக்கூடாதுன்னுதான். ஒன் வூடு மாதிரி தெறந்து போட்டா ஈதான் மொய்க்கும்."

"நான் என்னா சொல்லிட்டேன்? ஒரு மாதிரி வாடை அடிக்குது, அதான் கேட்டேன்."

வாடை என்ற சொல்லை மணிமொழியால் தாங்க முடியவில்லை. எட்டு மாதமாக அவள் செய்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது.

"எங்கனா ஒரு சிட்டிகை தூசி இருந்தா காட்டு. என்னங்க, அந்த பீரோவ இழுங்க. பாத்துட்டே போவட்டும்."

"பீரோவுக்குப் பின்னால எல்லாம் யாரு பாக்கப் போறாங்க?" என்று ஜெயப்பிரகாஷ் சிரித்தான்.

"இழுங்கன்னா."

அண்ணனும் தங்கையுமாக இழுத்தார்கள். பீரோ மறைத்திருந்த சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்திருந்தது. ஒரு முழம் தள்ளி இசைப்பிரியாவின் கட்டில். சரிதா மெத்தையைப் புரட்டினாள். அடிப்பக்கமும் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. தலைக்கு மேலே கொடியில் அன்று துவைத்த துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவருகே நின்ற இசைப்பிரியா இருமத் தொடங்கினாள். சரிதா அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். சொல்லிக்காட்ட நல்ல சந்தர்ப்பம்; அவள் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவளை மதிக்கலாம்.

மணிமொழி சுவரை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"இது நான் வளத்தது" என்றாள்.

ஜெயப்பிரகாஷ் ஜன்னல்களைத் திறந்தான். கொடியை அறுத்தான். மெத்தையைப் பின்கட்டுக்கு இழுத்துப்போட்டுவிட்டு வந்தபோது அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"காரணந்தான் தெரிஞ்சுபோச்சே, மணி. சொரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சிடலாம். பாப்பா இங்கயே இருக்கட்டும்."

புரட்டாசியிலிருந்து அவள் கேட்க விரும்பிய வார்த்தை அது. அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"சொரண்டினா வூடு பூரா தூள் பறக்கும். ஈரம் செவுத்துக்குள்ள எறங்கியிருக்குது. சரிதா கூட்டிக்கினு போவட்டும்."

துணிகளை அவளே எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, வாடை அடித்த நான்கை ஒதுக்கினாள். நெல்லிக்குப்பம் போகப் பண்ருட்டி பஸ் ஏறும் இடத்தில் இசைப்பிரியா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பம்மா திரும்பி வர்றது?"

"செவுரு காஞ்சதும்."

"எப்ப காயும்?"

ஐப்பசி பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மழை இன்னும் தொடங்கவே இல்லை.