பிரின்சி வண்ணமடித்த விமானம்

பிரின்சி தினமும் காலை பாசஞ்சரில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் வந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு ஃபிளக்ஸ் பேனர் கடையில் டிசைனர் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் முகத்தை வெட்டி ஒட்டி, பின்னால் மேகமோ மயிலோ வைத்து, மாலைக்குள் முடித்துக் கொடுப்பாள். கணவன் சகாய பிரவீனுக்கு செல்போன் டவர்களைப் பராமரிக்கும் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் விளையாடுவது ஒன்றே ஒன்றுதான்: விமானம் ஓட்டுகிற ஃபிளைட் சிமுலேட்டர். பிரின்சி அதை எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

2007இல் மஸ்கட்டில் இருந்த அக்கா இருதயமேரி உண்டானாள். பல வருஷம் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு தங்கிய கரு. எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அம்மாவை அனுப்பச் சொல்லி அக்கா வீட்டுக்காரர் விசாவும் டிக்கெட்டும் அனுப்பினார். அம்மா லூர்துமேரியோ விமானத்தில் ஏறவே மாட்டேன் என்றாள். கப்பல் கிடையாதா என்று கேட்டாள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகச் சொன்னாலும் போகிறேன், ஆகாயத்தில் மட்டும் ஏற்றாதீர்கள் என்று அழுதாள்.

கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினால் பயம் தெளியும் என்று பிரவீன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமியாரை நாற்காலி போட்டு உட்கார வைத்தான். சென்னையில் விமானம் ஏறியது. கடல் தெரிந்ததும் லூர்துமேரி முன்னால் சாய்ந்து பார்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இறக்கியும் காட்ட வேண்டுமென்று அவனுக்கு ஆசை. விமானம் வேகமாக வந்து தரையில் மோதி, எகிறி, ஓடுபாதையை விட்டு விலகிப் போய் நின்றது. திரையில் விபத்து என்று எழுத்து வந்தது. லூர்துமேரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிரின்சி பின்னாலேயே போனாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அது வேற கம்பெனி பிளேன்மா. நீ போறது வேற."

லூர்துமேரி திரும்பினாள். "அப்ப நான் போற பிளேனைக் காட்டு, பாக்கறேன்."

அப்படி ஒரு விமானம் அந்த விளையாட்டில் இல்லை. சொன்ன வாய்க்காக பிரின்சி அதை உண்டாக்க வேண்டியதாயிற்று. விமானத்தின் மேல்தோல் வெறும் படக் கோப்புதான் என்று பிரவீன் திறந்து காட்டினான். தையற்காரர் வெட்டிப் போட்ட துணிபோல உடம்பு ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு மூலை என்று தட்டையாகக் கிடந்தது. இது நம்ம வேலைதானே என்று தோன்றியது அவளுக்கு. டிக்கெட் உறையில் இருந்த விமானப் படத்தைப் பார்த்துக் கம்பெனியின் நீலப் பட்டையையும் பெயரையும் வரைந்தாள். பிரவீன் அதைப் புதிய ஃபோல்டரில் வைத்து, விமானங்களின் பட்டியலில் ஒரு பெயரும் சேர்த்தான்.

முதல் தடவை விமானம் பட்டியலிலேயே தெரியவில்லை. வரிசை எண்ணை அவன் தப்பாகப் போட்டிருந்தான். திருத்தியதும் வந்தது, ஆனால் துலக்கி வைத்த எவர்சில்வர் சொம்புபோலப் பளபளத்தது. எழுதிய பெயரே தெரியவில்லை. எவ்வளவு மினுக்க வேண்டும் என்பதை அந்தப் படத்துக்குள்ளேயே மறைந்திருக்கும் கறுப்பு வெள்ளை அடுக்கு ஒன்று தீர்மானிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் பார்த்தால் வலது பக்கத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் கிடந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம். பிரவீன் பிரவுசிங் சென்டருக்குப் போய், பக்கத்துக்கு ஒரு படம் வைத்த வேறு மாடலை பென் டிரைவில் கொண்டுவந்தான். அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.

சாயங்காலம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் லூர்துமேரியும் கீரை ஆய்ந்துகொண்டே வந்து உட்காருவாள். எல்லாத்தையும் கேட்டாள். இந்தச் சின்னக் கதவு எதற்கு, பெட்டியெல்லாம் எங்கே போகும், இறக்கை எதற்கு ஆடுகிறது. பிரின்சிக்குத் தெரியாததை பிரவீன் சொன்னான். ஒரு நாள் அம்மா டிக்கெட் உறையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, "கோடு ஜன்னலுக்குக் கீழதான் போவுது. நீ மேல ஏத்திட்டே பாரு" என்றாள். உண்மைதான். பிரின்சி இறக்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நீலப் பட்டை போட்ட விமானம் கிளம்பியது. பிரவீன் இரண்டு நாளாக இறக்கிப் பழகியிருந்தான். இந்த முறை மெதுவாகத் தரை தொட்டது. லூர்துமேரி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளிடம் கேட்டாள்.

"நெசமா போவும்போது மாப்பிள்ளை ஓட்ட மாட்டாருல்ல?"

"இல்லம்மா."

"அப்ப சரி, போறேன்."

மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் அம்மா போன் செய்தாள். அன்றைக்கு வந்தது வாடகைக்கு எடுத்த விமானமாம். வெள்ளை வெளேரென்று, ஒரு கோடுகூட இல்லையாம். பயந்துபோனாயா என்று பிரின்சி கேட்டாள். பெயின்ட் அடிக்கலை போல என்று நினைத்து ஏறிவிட்டதாகவும், இறக்கை ஆடியபோது பக்கத்துச் சீட்டுப் பெண் பயந்ததால் அது ஆடத்தான் செய்யும் என்று தான் சொன்னதாகவும் லூர்துமேரி சொன்னாள்.

இருதயமேரிக்கு நாள் முந்தியே பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். தாய் எழுந்திருக்க முடியாத அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது லூர்துமேரிதான். வெனிலா என்று பெயர் வைத்தார்கள்.

பிரின்சி விமானங்களுக்கு வண்ணமடிப்பதை விடவில்லை. பேனர் வேலை முடிந்து வந்து வரைவாள். இணையத்தில் போட்டால் எங்கெங்கோ இருந்து ஆட்கள் தரவிறக்கிக்கொண்டார்கள். அவளே விமானத்தில் ஏறியது 2016இல், வெனிலா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அம்மாவோடு மஸ்கட் போனபோது. படியேறி வாசலில் நின்று, கதவோரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். தொட்டுத் தொட்டு அழுக்கேறி, பெயின்ட் பெயர்ந்து, ஆணித் தலைகளைச் சுற்றிக் கறுத்திருந்தது. பின்னால் வரிசை நின்றது.

"என்னாடி பாத்துக்கினு நிக்கறே, நட" என்றாள் லூர்துமேரி.

ஊர் திரும்பியதும் பிரின்சி தன் விமானங்களின் கதவோரங்களில் அழுக்கு வரைய ஆரம்பித்தாள்.