பெரியப்பா ஒப்புவித்த பிரசங்கம்

துருப்பிடித்த ஊமத்தம்பூ மாதிரி அந்த ஒலிபெருக்கிக் குழாய் தென்னையின் பாதி உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. வாய் அம்மன் கோயில் பக்கம். கடலைப் பார்த்துக் கட்டினால் மீன்களுக்குத்தான் பிரசங்கம் கேட்கும் என்பது பாஸ்டரின் நியாயம். நாலு பக்கத் தென்னங்கிடுகு மறைப்பும் பதினாறு பிளாஸ்டிக் கதிரைகளும்தான் சல்லி என்ற எங்கள் கடலோர ஊரில் அவருடைய சபை. குழாய்ச் சத்தம் மட்டும் நிலாவெளி வரை போனது.

எதிர்ப்பக்கம் என் பெரியப்பா. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஒருமுறை காதில் விழுந்ததை மறக்கத் தெரியாதவர்; பெரியம்மா அதை ஒரு வியாதி என்றே நினைத்தார். கலியாணமான புதிதில் தான் சொன்ன ஒரு சொல்லை முப்பது வருடம் கழித்துத் திகதியோடு திருப்பிச் சொல்லும் மனிதனோடு குடும்பம் நடத்துவது சும்மாவா?

யுத்த காலம். ஒரு சுற்றிவளைப்பில் ஊர்ப் பெடியன்கள் ஏழு பேரை ராணுவம், எங்கள் பேச்சில் ஆமி, ஏற்றிக்கொண்டு போய் இரண்டு வருடம். ஒருவனும் திரும்பவில்லை. அந்த ஏழு பேரில் பெரியப்பாவின் மூத்தவனும் ஒருவன். பாஸ்டருக்கு ஒருநாள் மாலை பரிசுத்த ஆவி கொஞ்சம் கூடிவிட்டது போலும். குழாயில் கேட்டார்: "உங்கட பிள்ளையளை ஆமி ஏத்திக்கொண்டு போகேக்கை, உங்கட கல்லு அம்மன் எழும்பி வந்தவவோ?"

மறுநாள் காலை பெரியப்பா தலைமுழுகி, திருநீறு பூசி, சைக்கிளில் பொலிசுக்குப் போனார். பொலிசுக்குள் நின்று ஆமிக் கதை கதைக்கக்கூடாது என்ற அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது. அதனால் பாதியைத்தான் சொன்னார்: "எங்கட அம்மனைக் கல்லெண்டு மைக்கிலை சொன்னவர்." சார்ஜன் அதைச் சிங்களத்தில் எழுதினார், பெரியப்பா தமிழில் கையெழுத்து வைத்தார். பாஸ்டரைக் கூப்பிட்டு நாலு ஏச்சு ஏசி, குழாயைக் கடல் பக்கம் திருப்பச் சொல்வார்கள் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. அன்று பின்னேரமே பாஸ்டரை வழக்கு முடியும்வரை விளக்கமறியல் சிறையில் போட்டார்கள்.

நான் அப்போது திருகோணமலை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். சாட்சிக்குச் சொந்தக்காரன் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, என்னை விட்டால் வேறு ஆளும் இல்லை. குற்றப்பத்திரிகையை வாசித்தேன். மத உணர்வைப் புண்படுத்திய குற்றம். பக்கத்திலேயே அவசரகாலச் சட்டத்தின் ஒரு பிரிவு. பேசிய வார்த்தைகளைச் சாட்சி சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்க வேண்டும். அதில் 'ஆமி' என்ற சொல் வந்து விழுந்தால் வழக்கு முழுக்க அந்த அவசரகாலச் சட்டத்துக்குத் தாவும். அந்தச் சட்டத்துக்குள் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. ஒருவருடைய சாமியை இன்னொருவர் ஏசக்கூடாது என்ற சட்டத்தை யார் மறுப்பார்கள்? ஆனால் அந்த நாட்களில் சட்டம் கடலில் விட்ட வலை. எந்த மீனை நினைத்து விட்டோமோ அதைத் தவிர எல்லாம் ஏறி வரும்.

மற்றச் சாட்சிகள் நாலு பேரும் ஊர் கூடிக் கதைத்துக்கொண்டு வந்ததுபோல ஒரே மாதிரிச் சொன்னார்கள்: அன்றைக்குக் கச்சான் காற்றின் இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை. மிச்சம் பெரியப்பா.

நீதிமன்ற முற்றத்து வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். "பெரியப்பா, நீங்கள் உள்ளதைச் சொன்னால் பாஸ்டர் வெளியிலை வரமாட்டார்."

"அந்தாள் நாசமாப் போகட்டும் எண்டோ நான் போனனான்? வாயைக் கொஞ்சம் குறைக்கட்டும் எண்டுதான்."

"அப்ப மறந்துபோச்செண்டு சொல்லுங்கோ."

"அம்மன் மேலை சத்தியம் பண்ணிப்போட்டோ? ஏலாது." வெற்றிலையைத் துப்பினார். "உள்ளதைத்தான் சொல்லுவன், தம்பி. முதல்லையிருந்து சொல்லுவன்."

கூண்டில் ஏறினார். நீதவான் களைத்துப்போன, நல்ல மனிதர். எதிரியான பாஸ்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். பெரியப்பா தொண்டையைச் செருமி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று தொடங்கினார். நான் அதையும் சிங்களப்படுத்தினேன்.

பிறகு பிரசங்கம் வந்தது. வீட்டை விட்டு ஓடிப்போன மகனின் பைபிள் கதை, பன்றித் தவிடு, அப்பன் வாசலில் நின்று வழிபார்த்தது. இடையில் பாஸ்டரின் வயிற்றுப்புண் சுகமான சாட்சியம். அவர் கப்பலில் சமையல்காரராக இருந்து குடித்துக் கெட்ட கதை. சைக்கிள் டயர் வெடித்த இடத்தில் கண்ட தரிசனம். பாஸ்டரின் குரல், அவர் கையை உயர்த்தும் விதம், மூச்சு வாங்கும் இடம் எல்லாம் அப்படியே. திருநீறு பூசிய நெற்றியோடு பெரியப்பா "அல்லேலூயா!" என்று கத்தியபோது வாசலில் நின்ற காவலர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இந்த இடத்திலை ஒரு பாட்டு, ஐயா. பாடட்டோ?"

தேவையில்லை என்றார் நீதவான்.

"பாட்டை விட்டால் பொய்ச்சாட்சியாப் போயிடும், ஐயா."

பாடினார். காவடிச் சந்தத்தைத் தவிர வேறு மெட்டு அவர் தொண்டைக்குத் தெரியாது. இயேசு ஆடிக்கொண்டு மலையேறினார். எதிரிக் கூண்டில் பாஸ்டர், தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பதை மறந்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் பொறுக்கமுடியாமல் "அது பதினைஞ்சாம் அதிகாரம், அண்ணை" என்று திருத்தினார்.

"நீர் அண்டைக்குப் பதினாலெண்டுதான் சொன்னனீர். சும்மா இரும், எனக்குத் தெரியும்!"

ஒன்றரை மணி நேரம். என் நாக்கு வறண்டுவிட்டது. நிந்தனை எங்கே என்று நீதவான் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"வருது, ஐயா. இன்னும் அங்கை போகேல்லை. இன்னும் ரெண்டு பாட்டும் ஒரு சாட்சியும் கிடக்கு."

மூன்று மணிக்கு வீதிச் சோதனைச் சாவடி மூடும்; பிறகு யாரும் வீடு திரும்ப முடியாது. சல்லிக்காரர், சார்ஜன், நீதவான் எல்லாருடைய கண்களும் சுவர் மணிக்கூட்டில் இருந்தன. நீதவான் பேனாவை மூடினார். மனம் புண்பட்டதா என்று பெரியப்பாவைக் கேட்டார், ஓம் என்றார். எதிரி மன்னிப்புக் கேட்டால் போதுமா என்றார், போதும் என்றார். பாஸ்டர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். குழாயைப் பொலிசில் வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள்.

இப்போதும் பேச்சுக்காக ஆட்களைப் பிடிக்கிறார்கள். பாஸ்டர்மாரை, கவிதை எழுதுகிறவனை, சிரிப்புக்கு ஒரு பகிடியை எழுதிவிட்டவனை. இப்போது கைபேசியில் எல்லாம் பதிவாகிறது. தேவையான ஒரு வசனத்தை மீன் செதிலைப்போல உரித்தெடுத்து நீட்டிவிடலாம். முன்னுக்கு என்ன, பின்னுக்கு என்ன, எந்த இடத்தில் பாட்டு என்று கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை. முழுவதையும் சொல்லியே தீருவேன் என்று கூண்டில் நிற்க ஒரு எதிராளி கிடைப்பது பாக்கியம் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அன்று சாவடி வரிசையில் மூன்று பேரும் இரண்டு சைக்கிள்களோடு நின்றோம். பாஸ்டர் பெரியப்பாவின் பக்கம் குனிந்தார்.

"அண்ணை, அந்த ஒரு கேள்வியை மட்டும்... மறந்துபோனீங்களோ?"

"மறக்கிறதோ?" பெரியப்பா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசமா வெள்ளிக்கு வெள்ளி அம்மனிட்டை நான் கேக்கிற கேள்வி அது. எனக்கும் அவவுக்கும் மட்டும் கேக்கிற மாதிரி. நீர் அதைக் கொண்டுபோய் மைக்கிலை கேட்டுப்போட்டீர்."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"அவ பதில் சொல்லுற அண்டைக்கு உமக்கும் வந்து சொல்லுறன்" என்றார் பெரியப்பா. "அதுமட்டும் நீர் கேளாதையும்."