ஒப்பந்தத்தில் வந்த டாக்டரம்மா

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது, ஒல்லியான ஒரு பெண் டாக்டர் ஸ்கூட்டியில் வந்தார்.

"ஆம்பள டாக்டர் இல்லீங்களா?" என்றார் அப்பா.

"எங்க காலேஜ்லயே பாதிக்கு மேல பொண்ணுங்கதானுங்க," என்றபடி வளையலைக் கழற்றினார். பசுவோடு ஓயாமல் பேசிக்கொண்டே, உள்ளே மடங்கிக் கிடந்த கன்றின் காலை நிமிர்த்தி, அதை உயிரோடு வெளியே எடுத்தார். அவர் கை கழுவ அப்பாவே தண்ணீர் ஊற்றினார்.

"நல்ல சம்பளமுங்களா?" என்று கேட்டேன்.

"ஒப்பந்த வேலைதானுங்க. பனியன் கம்பெனில இருக்கற என் தங்கச்சி என்னைவிட அதிகம் வாங்கறா."

"அப்புறம் ஏனுங்க இதுல இருக்கறீங்க?"

"எங்கம்மாவும் இதையேதான் கேக்கறாங்க," என்று சிரித்தார். கன்று எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

அன்று பிறந்த அந்தக் கிடாரிக் கன்று வளர்ந்து இப்போது சினையாக இருக்கிறது. டாக்டரம்மா இன்னும் அந்த வேலையில் இருக்கிறாரா என்று தெரியவில்லை.