மயில் கேட்டு வாங்கினேன்

“...மயிலெல்லாம் சரிங்கண்ணா, இந்தக் காவடிய எங்க வெக்கறது? அது தலை மேலயா?”

ஆடிக் கிருத்திகையன்று, எங்கள் திருத்தணியின் புது பஸ் நிலையத்தில் என்னை இப்படிக் கேட்டவர் முனிரத்தினம். அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிறவர். வருஷம் தவறாமல் காவடி எடுப்பவர். வீட்டிலிருந்து மலை மேலே சந்நிதி வரைக்கும் காவடி தரையில் படக் கூடாது. அது அவருடைய வேண்டுதல். பஸ்ஸில்கூட மடியில்தான்.

பழைய நிலையத்து வாசலில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. தோள் உயரம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் காவடியை அதன் மேல் வைப்பார். பாத்ரூம் போவார், தண்ணீர் குடிப்பார், தோளைத் தேய்த்துக்கொண்டு மலைக்குக் கிளம்புவார்.

இப்போது அந்தக் கல் இல்லை. காரணம்? நான்தான்.

பழைய நிலையத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று நகராட்சியில் மீட்டிங் போட்டார்கள். எல்லா ஊருக்கும் ஒரே டிசைன். நான் அதைக் குறை சொல்லவில்லை... சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை அந்த டிசைனால்தானே எங்களுக்குக் கிடைத்தது! “ஊருக்குன்னு ஒண்ணு மட்டும் கேளுங்க, சேர்த்துடலாம்” என்றார் இன்ஜினியர். நல்ல மனிதர். பேசத் தெரிந்தவன் என்று ஊர்க்காரர்கள் என்னை முன்னால் தள்ளி விட்டார்கள்.

மீட்டிங்குக்கு முதல் நாளே முனிரத்தினம் போன் பண்ணியிருந்தார். “அந்தக் கல்லை மட்டும் எடுத்துடாதீங்கன்னு சொல்லுங்கண்ணா.” ஆங், ஆங் என்றேன்.

மைக் கைக்கு வந்ததும் என்ன ஆச்சு தெரியுமா? பளபளக்கும் வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பழைய கல்லைக் கேட்க வெட்கமாக இருந்தது. “முருகன் ஊருங்க... சுவர் முழுக்க ஒரு மயில் வேணும்!” என்றேன். கைதட்டல்! “வேற எதாவது விட்டுப்போச்சா?” என்று இன்ஜினியர் இன்னொரு தரம் கேட்டார். இல்லை என்றேன்.

மயில் அழகாகத்தான் இருக்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டிருந்த முனிரத்தினத்தின் வலது தோள் வீங்கியிருந்தது. கூட விரதம் இருந்தவர்கள் முந்தின பஸ்ஸிலேயே வந்து, மலையேறியும் விட்டார்கள்.

“கொடுங்க, நான் புடிச்சுக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க.”

“காலைல இன்னா சாப்ட்டீங்க?”

“...முட்டை தோசை.”

“கிருத்திகை அன்னிக்கா!” சிரித்தே விட்டார். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

“தண்ணியாவது குடிங்க.”

“வேணாண்ணா. குடிச்சா அந்த அவஸ்தை வேற. ஏற்கெனவே அடக்கிகினு நிக்கறேன்.”

கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கும்போது யாருக்காகக் கேட்கிறோம்? நான் கேட்டது போட்டோவுக்கு. ஒரு தோளுக்கு இல்லை.

“கல்லைப் பத்தி மீட்டிங்ல நான் பேசவே இல்ல, முனிரத்தினம்” என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அவர் காவடியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கல் இருந்த இடம் வந்ததும் பழக்கத்தில் நின்று, முழங்காலை லேசாக மடக்கினார். பிறகு நிமிர்ந்து, மலையைப் பார்த்து நடந்தார்.