காலி வண்டியின் எடை

சத்தியமாக நடந்தது இது. பேய் என்றால் அமாவாசை, நடுச்சாமம், புளியமரம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே புத்தகத்தை மூடிவிடலாம். இது நடந்தது காலை வெயிலில், லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு போகும் மங்கலம் ரோட்டில். நடந்தது நாச்சிமுத்துவுக்கு. பெரிய பனியன் கம்பெனி முதலாளிதான். ஆனாலும் அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கம்பெனி திருப்பூரில், பங்களா சாமளாபுரத்தில். அந்தப் பக்கத்து டெய்லர் பெண்களைத் தினமும் ஏற்றிவர ஒரு பழைய ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கிலோமீட்டர் முள் லட்சத்தைத் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பி, மறுபடியும் தொட்டு, ஒருநாள் அலுத்துப்போய் நின்றுவிட்டது. பின்னால் எதிரெதிராக இரண்டு நீளச் சீட். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினாறு பேர். வழியில் ஆள் நின்றால், கடைசியில் இருப்பவள் தகரத்தில் ஒரு தட்டு தட்டுவாள். வண்டி நிற்கும். ஏறிய பிறகு இரண்டு தட்டு. வண்டி கிளம்பும்.

2007இல் நாச்சிமுத்துவின் மச்சான் ஒரு பழைய ஜீப்பை வாங்கிப் புதுசாக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு மலையேற ஆரம்பித்தான். அன்று முதல் நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. புதுசு வாங்கக் காசு இல்லாமல் இல்லை. பழைய இரும்பைப் புதுசாக்கி ஓட்டுவதுதான் அந்தக் கூட்டத்தில் கௌரவமாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். இவன் ஜீப்புக்கு அகல டயர் மாட்டினான். அடுத்த கூட்டத்தில் மச்சான் முன்னால் மலையேறிக் காட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மானம் போய்விடும் என்று நினைத்தான். இருந்தால்தானே போவதற்கு.

டிரிப் நின்றது. ஆட்களைக் கூட்டிவரும் கான்ட்ராக்டர் காசிமாயன் தலையைச் சொறிந்தான்.

“மொதலாளி, புள்ளைக எப்பிடி வரும்?”

“டவுன் பஸ்ஸு எதுக்கு உட்டிருக்கறான்? காலு இருக்குதல்ல, நடந்து வரட்டும்.”

அந்த வாரமே ஐந்து மிஷின்கள் காலியாகக் கிடந்தன. காசிமாயன் ஏதோ சொல்ல வந்தான். “மொதலாளி, அந்த அஞ்சு பேரு...”

“வேற கம்பெனிக்கு ஓடியிருக்கும். நன்றி கெட்ட சனம். ஆளுக கதையெல்லாம் என்றகிட்டச் சொல்லாத. பீஸ் எத்தனைன்னு மட்டும் சொல்லு.”

திருப்பூரில் ஆள் வரவில்லை என்றால் அதற்கு அதுதான் அர்த்தம். பீஸுக்குப் பத்துப் பைசா கூடக் கிடைத்தால் ஆள் மாறிவிடும். யாரும் தேடிப் போவதில்லை. காசிமாயன் வாயை மூடிக்கொண்டு வேறு ஐந்து பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தான்.

ஜீப் மங்கலத்தில், மெக்கானிக் மூக்கையாவின் பட்டறையில் மூன்று மாதம் கிடந்தது. இஞ்சினைப் பிரித்துச் செய்தார்கள். ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போட்டு உடம்பை உயர்த்தினார்கள். தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. முன்னால் நாலு விளக்கு. பின்சீட் இரண்டையும் கழற்றச் சொன்னான் நாச்சிமுத்து. “இனி ஒரு கழுதையும் இதுல ஏறக் கூடாது” என்றான். சீட்டுக்கு அடியில் கொண்டை ஊசியும் காய்ந்த பூச்சரமும் பஞ்சுப் பிசிறும் அள்ள அள்ள வந்தன. மூக்கையா எல்லாவற்றையும் பெருக்கிக் கழுவிவிட்டு, புதுக் கறுப்பு ரப்பர் விரித்துக் கொடுத்தான்.

வண்டி வீடு வந்த மறுநாள் காலை, ஏழே முக்கால். நாச்சிமுத்து தனியாகக் கிளம்பினான். பழைய டிரிப் போகும் அதே ரோடு. இஞ்சின் பட்டு மாதிரி ஓடியது.

ஊரைத் தாண்டி ஒரு வேப்பமரம்.

டொக்.

பின்னால் தகரத்தில் ஒரு சத்தம். போல்ட் ஏதோ கழன்றுவிட்டது என்று வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது வண்டி லேசாகப் பின்பக்கம் தழைந்தது. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

டொக், டொக்.

“வேல தெரியாத நாயி” என்று மூக்கையாவைத் திட்டிக்கொண்டே கிளப்பினான். ரைஸ் மில் பக்கத்தில் மறுபடியும் டொக். நிறுத்தினான். இந்த முறை மூன்று தடவை தழைந்தது. கண்ணாடியில் பார்த்தான். கறுப்பு ரப்பர் முழுக்க வெள்ளைப் பஞ்சுப் பிசிறு. காலையில் அவனே துடைத்த ரப்பர்.

நேரே பட்டறைக்கு விட்டான்.

“ஏப்பா, என்ன பட்டை போட்டிருக்கறே? பார்ரா, பின்னாடி உக்காந்து போச்சு!”

மூக்கையா குனிந்து பார்த்தான். நிமிரும்போது முகம் மாறியிருந்தது. “பட்டை நல்லாத்தான் இருக்கு மொதலாளி. பின்னால என்ன லோடு ஏத்துனீக?”

“காலி வண்டிடா!”

எதிரிலேயே நூல் லாரிகளை நிறுக்கும் எடைமேடை. காலி எடை போட்டு அவன் பொய்யை நிரூபிக்கிறேன் என்று நாச்சிமுத்து வண்டியை ஏற்றினான். மூக்கையா பின்னாலேயே நடந்து வந்தான். நாச்சிமுத்து இறங்கி ஓரமாக நின்றான்.

கண்ணாடி அறைக்குள் இருந்த ஆபரேட்டர் மைக்கில் பேசினார்.

“ஏனுங்க, காலி எடைன்னுதானுங்க சொன்னீங்க?”

“ஆமா.”

“நீங்க எறங்குனாப் போதுமுங்களா? பின்னால உக்காந்திருக்கற அஞ்சு புள்ளைகளையும் எறக்குங்க.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காலி.

ஆபரேட்டர் எழுந்து வெளியே வந்தார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.

பின்னால் நின்ற லாரிக்காரன் விடாமல் ஆரன் அடித்தான். வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

“மூக்கையா... நீயும் ஏறு.”

“நான் வரல மொதலாளி.”

நாச்சிமுத்து மட்டும் ஏறினான். சாவியைத் திருப்பினான்...

டொக், டொக்.

எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். மல்லிகை வாசனை. எண்ணெய் வாசனை.

கம்பெனி கேட்.

டொக்.

நின்றது.

வண்டி உயர்ந்தது. ஒரு முறை.

இரண்டு.

மூன்று...

நான்கு...

ஐந்து.

அவன் இறங்கி வந்தபோது சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. வாசலில் காசிமாயன். வாழ்க்கையில் முதல் தடவையாக நாச்சிமுத்து ஆட்களைப் பற்றிக் கேட்டான்.

“அந்த அஞ்சு பேரு... எந்தக் கம்பெனிக்குப் போனாங்க?”

காசிமாயன் அவனையே பார்த்தான்.

“எங்கிட்டும் போகல மொதலாளி. ஜீப்ப நிப்பாட்டுன மூணாம் நாளு பஸ்ஸு நிக்காமப் போயிருச்சு. லேட்டானா அரைநாள் சம்பளம் புடிப்பீகன்னு, செங்க லோடு டெம்போவுல தொத்திக்கிட்டு வந்தாக. அது கவுந்துருச்சு. ராமுத்தாயி, மயிலாளு... அஞ்சு பேருமே போயிட்டாக.”

“எங்க நின்னு ஏறுவாங்க?”

“வேப்பமரத்துல ரெண்டு பேரு. ரைஸ் மில்லுல மூணு பேரு.”

“ஏன்டா என்றகிட்டச் சொல்லல?”

“பீஸ் கணக்கு மட்டுந்தான கேட்டீக.”

பேப்பரிலும் வந்ததுதான். நாச்சிமுத்து பேப்பரில் நூல் விலையைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை.

மலையேறவில்லை. அந்த வாரமே ஜீப்பைக் கணியூர் விவசாயி ஒருவருக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டான். ஒரு மாதம் கழித்துப் பயந்து பயந்து போன் செய்து விசாரித்தான். “அருமையான வண்டிங்க, தேங்கா ஏத்தறேன், ஒரு தொந்தரவும் இல்லீங்க” என்றார் அவர்.

தொந்தரவு ஜீப்பில் இல்லை.

இப்போது நாச்சிமுத்துவிடம் விலையுயர்ந்த கார் இருக்கிறது. ஏசி, தோல் சீட். முதல் நாள் வேப்பமரத்தைத் தாண்டும்போதே டொக் கேட்டது. நிற்காமல் பறந்தான். ஒரு கை பத்துக் கையானது. திருப்பூர் வரைக்கும் நாலு பக்கமும் தட்டிக்கொண்டே வந்தது. வழி மாறிப் போய்ப் பார்த்தான். அங்கேயும் தட்டியது. மறுநாளிலிருந்து நிற்கிறான். வேப்பமரத்தில் ஒரு நிமிஷம், ரைஸ் மில்லில் ஒரு நிமிஷம். ஒரு ஜீப் விட மனசு வராதவன் இப்போது அவர்களுக்கு டிரிப் அடிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தட்டுவதில்லை. அன்று கம்பெனி லீவு.