நூலுக்கு மேலேதான்

அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு முகமும் காலும் வீங்கின. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் பழுது என்றார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினையெல்லாம் எங்கள் பக்கம் அப்போது யார் கண்டார்கள்? உப்பைக் குறை, தண்ணீரைக் குறை, வைத்தியம் அவ்வளவுதான். சாப்பாட்டுச் சமாச்சாரம் பெண்பிள்ளை பாடு என்று நர்சம்மா என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நோயாளி வாசலில் பீடி குடித்துக்கொண்டு நின்றார்.

நேற்று எவ்வளவு சிறுநீர் போனதோ, இன்று அவ்வளவும் மேற்கொண்டு ஒரு டம்ளரும்தான் தண்ணீர். வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்பியதும் பானைக்குக் காவல் இருந்தேன். வீக்கம் வடியவில்லை. எவள் வீட்டில் வாங்கிக் குடித்தீர்கள் என்று நான் போடாத சண்டை இல்லை. சாமி சத்தியமாக ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கவில்லை என்றார்.

அடுத்த முறை நர்சம்மா அவரையே கேட்டார். அப்போதுதான் வெளியே வந்தது. விடிந்ததும் வயலுக்குப் போகிற வழியில் தன் அக்காள் வீட்டில் ஒரு செம்பு நீராகாரம், உப்புப் போட்டு. நீராகாரம் சோற்றோடு சேர்ந்ததாயிற்றே, அது எப்படித் தண்ணீராகும் என்றார். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதனால் திட்ட வாய் வரவில்லை.

நர்சம்மா இந்தத் தடவை பாடத்தை அவருக்கு நடத்தினார். பெரிய மருந்து பாட்டில் ஒன்றில் நூல் கட்டிக் கொடுத்து, ஒரு நாள் சிறுநீர் இந்த நூலுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே வரச் சொன்னார்.

மனிதர் கெட்டிக்கார மாணவராகிவிட்டார். தானே அளந்தார், தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார், பாட்டில் பக்கம் என்னை விடவில்லை. எனக்குச் சண்டை போடவும் வேலையில்லை. பிள்ளையில்லாத வீட்டில் உப்பில்லாக் குழம்பைக் கிண்டிக்கொண்டு, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பேன். நூலுக்கு மேலேதான் என்பார். அதுதான் எங்கள் பேச்சு.

ஐப்பசியில் ஒரு காலை மூச்சு வாங்கியது. பஸ் ஏற்றிக் கொண்டுபோனேன். எத்தனை நாளாக நூலுக்குக் கீழே என்று நர்சம்மா கேட்க, எட்டு நாள் என்றார். ஏன் மறைத்தீர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"சொன்னா இங்கனயே படுக்க வச்சுருவாங்க. ஒத்தையில அந்த வீட்ல நீ எப்படி இருப்ப?"

மூன்றாம் நாள் போய்விட்டார். பாவி மனுஷன், பத்து நாள் ஒத்தையில் இருக்க மாட்டேனா? இப்போது வருஷக்கணக்காக இருக்கிறேன்.